வால்யூமைத் தொட்டாலே அலறுகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆம்ப்ளிஃபையருடன் அதை இணைத்துப் பாட்டுக் கேட்க ஆசைப்படுவார்கள். கொல்லிமலை செம்மேட்டில் நண்பர் ஒருவரும் அப்படித்தான் இணைத்தார். பாட்டு வந்தது, கூடவே "உஸ்ஸ்" என்ற இரைச்சலும் வந்தது. இரவில் ஊர் அடங்கிய பிறகு இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. வால்யூம் குமிழை லேசாகத் திருப்பினாலே வீடு அதிர்ந்தது. ஒரு நாள் குழந்தையின் கை பட்டு, ட்வீட்டர் ஒன்று கருகியே போனது. சவுண்ட் கார்டுதான் பழுது என்று எண்ணி, புதிது வாங்க 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல் போகத் தயாரானார்.

சவுண்ட் கார்டில் குறையே இல்லை. அவரிடம் ப்ரீ ஆம்ப்ளிஃபையரும் பவர் ஆம்ப்ளிஃபையரும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் லைன் அவுட்டில் சுமார் 1 வோல்ட் வருகிறது. பவர் ஆம்ப்ளிஃபையர் இதை 20 மடங்கு பெருக்கினால் 20 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் இது 50 வாட்ஸ். வீட்டுக்கு இதுவே அதிகம்! ஆனால் நடுவில் உள்ள ப்ரீ ஆம்ப்ளிஃபையர் வேறு 10 மடங்கு பெருக்குகிறது. அதனால்தான் குமிழை அடிமட்டத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது. சரி, வால்யூமை அடியோடு குறைத்தால் இரைச்சல் போகுமா? போகாது. அது குமிழுக்குப் பின்னால் உள்ள பகுதியில் உண்டாகிறது. பவர் ஆம்ப்ளிஃபையர் அதையும் 20 மடங்கு பெருக்கிவிடும்.

உங்கள் பவர் ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் கெயின் அல்லது லெவல் என்ற குமிழ் இருந்தால் கவலையில்லை. அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். விண்டோஸ் வால்யூமை முழு அளவுக்குக் கொண்டு செல்லுங்கள். ப்ரீ ஆம்ப்ளிஃபையர் குமிழைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, ஒரு பாட்டை ஓடவிட்டு, கெயினை மெதுவாக ஏற்றுங்கள். உங்களுக்கு வேண்டிய அதிகபட்ச சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நண்பருடையதில் அந்தக் குமிழ் இல்லை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, ஒவ்வொரு சேனலிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையாகவும், 1 கிலோ ஓம் ஒன்றை சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும் மெக்கானிக்கைக் கொண்டு வைத்தோம். சிக்னல் ஏறத்தாழ 11இல் ஒரு பங்காகியது; ப்ரீ ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலும் அதே அளவு இறங்கியது. செலவு சில ரூபாய்தான். ட்வீட்டருக்காக மட்டும் அவர் மலை இறங்கினார்.

ஒன்றைக் கவனியுங்கள். "உஸ்ஸ்" இல்லாமல் "ம்ம்ம்" என்று கேட்டால் பெரும்பாலும் எர்த் இணைப்பில்தான் கோளாறு. அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது.