தலைமைப் பயிற்சி

பள்ளியை நடத்தும் ஆற்றல் நூலறிவால் மட்டும் வாய்ப்பதன்று; பொறுப்பேற்றுப் பழகுவதால் வளர்வது. இதனை நம் திண்ணைப் பள்ளிகள் உணர்ந்திருந்தன. அங்கே சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையோர்க்கு எழுத்தறிவித்தான். ஆசிரியர் இல்லாதபோது பள்ளியைக் காத்தான். அவன் தவறினால் ஆசிரியர் திருத்தினார்.

1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயிலக் கண்டார். அம்முறையைத் தம் துணையாசிரியர் ஏற்கத் தயங்கவே, எட்டு வயது மாணாக்கன் ஒருவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அவன் செவ்வனே கற்பித்தான். 1797-இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலின்வழி இது ‘சென்னை முறை’ எனப் பரவிற்று.

தலைமையாசிரியர் ஆக விழைவோர்க்கும் இந்நெறியே ஏற்றது. தேர்ந்த தலைமையாசிரியர் ஒருவரின்கீழ்ச் சிலகாலம் பொறுப்பேற்றுப் பழகின், தவறுகள் அவர் கண்முன்னரே திருத்தம் பெறும். பதவியேற்ற பின்னர்த் தவறித் தவறிக் கற்பாராயின், இழப்பு மாணாக்கரையே சேரும்.