‘சத்தமா பேசுற டூரிஸ்ட்’ பட்டம் இப்போ யார் கையில?

இந்த எபிசோட் ஒரு ரயில் பெட்டியில ஆரம்பிக்குது.

போன வருஷம் குடும்பத்தோட ஜெர்மனி போயிருந்தோம். தம்பிக்கு ஷ்டுட்கார்ட்டில் வேலை. அம்மா, அப்பா, சித்தி, நான், நாலு பேருக்குமே அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஷ்டுட்கார்ட்டில் இருந்து மியூனிக் போற ரயிலில் ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னல் சீட், சித்திக்கு நாலு வரிசை தள்ளி. எங்க அம்மா வண்டியூர் வீட்டு மொட்டை மாடியில் நின்னு கூப்பிட்டா தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கும். அதே குரலில், "ஏ, இந்தாடி, அந்தப் புளியோதரை டப்பாவ எடு"ன்னு சித்தியைக் கூப்பிட்டாங்க.

எதிர் சீட்டில் புத்தகம் படிச்சிக்கிட்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். விரலை உதட்டில் வைத்தார். அப்புறம் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். அது அமைதிப் பெட்டி. ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. அங்கே சத்தமாப் பேசக் கூடாது, போன் பேசக் கூடாது. டிக்கெட் போடும்போது தம்பி அதைக் கவனிக்கல.

அவர் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. ஆனா எங்க அம்மா மியூனிக் வர்ற வரைக்கும் வாயைத் திறக்கல. இறங்கின பிறகும் அப்படித்தான். அன்னைக்கு முழுக்க, கேட்டதுக்கு மட்டும் பதில். ராத்திரி படுக்கும்போதுதான் கேட்டாங்க: "நான் என்ன தப்பாவா பேசிட்டேன்? நாலு பேரு ஒண்ணா உக்காந்து பேசாம வந்தா, வீட்ல ஏதோ சண்டைன்னுல நினைப்பாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

பட்டம் வாங்கின முதல் ஆள்

ஐரோப்பாவில் ‘சத்தமா பேசுற டூரிஸ்ட்’ என்றால் ரொம்ப காலமாக ஒரே அர்த்தம்தான்: அமெரிக்கர்கள். நம்ம மதுரையில் ‘அமெரிக்கன்’னு சொன்னா முதலில் ஞாபகம் வர்றது கோரிப்பாளையம் பக்கம் இருக்கிற காலேஜ். அங்கே ஞாபகம் வர்றது அரைக்கால் சட்டை, ஸ்போர்ட்ஸ் ஷூ, உணவகத்தில் நாலு மேசை தள்ளியும் கேட்கிற பேச்சு.

இது இன்னைக்கு நேத்து வந்த பேர் இல்ல. 1867-ல் எழுத்தாளர் மார்க் ட்வைன் ஒரு கப்பல் நிறைய அமெரிக்கர்களோடு ஐரோப்பாவும் புனித பூமியும் சுற்றினார். 1869-ல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அதில் அதிகமாகக் கிண்டல் வாங்கியவர்களில் அவரோட சக பயணிகளும் உண்டு. பழைய சின்னங்களில் இருந்து ஞாபகார்த்தமாக் கல்லை உடைச்சு எடுத்துட்டுப் போற ஆட்களை அவர் சும்மா விடல.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். 1942-ல் அமெரிக்கப் படைகள் பிரிட்டனுக்குப் போனபோது, அமெரிக்கப் போர்த்துறை தன் சிப்பாய்களுக்கு ஒரு சின்னக் கையேடு அச்சடித்துக் கொடுத்தது. பெருமை பீத்தாதே, பணத்தைக் காட்டாதே, பிரிட்டிஷ்காரர் பேசாமல் இருந்தால் அவருக்கு உன்னைப் பிடிக்கலன்னு நினைக்காதே, அது சின்னத் தீவு, நெருக்கி வாழ்றவங்க அடுத்தவரைத் தொந்தரவு பண்ணாம இருக்கிறதுதான் அவங்க நாகரிகம். சாராம்சம் இதுதான். ஒரு நாட்டு ராணுவமே உட்கார்ந்து ‘போற இடத்துல எப்படி நடந்துக்கணும்’னு பாடம் எழுதியிருக்கு, பாருங்க.

அங்கே மரியாதை, இங்கே தொந்தரவு

அமெரிக்கர்கள் நிஜமாகவே மோசமானவர்களா? ஒரு சின்ன விஷயத்தை எடுத்துப் பார்ப்போம்: டிப்ஸ்.

அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991-ல் இருந்து அந்தத் தொகை மாறல. பல மாநிலங்கள் இதைவிட அதிகம் வைத்திருக்கின்றன. ஆனாலும் சர்வரோட சம்பளத்தில் பெரும் பங்கு டிப்ஸாகத்தான் வருது. அதனால் அங்கே நூறு டாலருக்குச் சாப்பிட்டா இருபது டாலர் வைக்கிறது தர்மம் இல்ல, கடமை. வைக்காதவன்தான் அயோக்கியன்.

அதே ஆள் பாரிஸ் போறார். பிரான்சில் சேவைக் கட்டணம் பில்லிலேயே அடங்கியிருக்கும். இவர் வழக்கம் போல இருபது சதவீதம் வைக்கிறார். பக்கத்து மேசைக்காரர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? பணத் திமிர்.

சிரிப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் கடைக்குள் நுழைந்தால் முன்பின் தெரியாதவர்கூட ‘எப்படி இருக்கீங்க’ என்று சிரித்துக் கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், ஏன்னா அது கேள்வியே இல்ல, வணக்கம். அதே சிரிப்பை பெர்லினில் தெரியாதவரிடம் சிரித்தால், ‘இவர் ஏன் என்னைப் பார்த்து இளிக்கிறார்?’ என்று தோன்றலாம்.

தன் ஊரில் ஒருவர் கத்துக்கிட்ட நல்ல பழக்கமே அடுத்த ஊரில் அவருக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுக்குது. வம்பு பண்ணணும்னே வர்ற ஆட்களும் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு நாட்டுக்கே பேர் கெடுறதுக்கு அந்த மாதிரி ஆட்கள் தேவையே இல்ல. எங்க அம்மா மாதிரி நல்ல ஆட்களே போதும்.

பட்டம் கைமாறுது

இன்னொரு விஷயமும் கவனிச்சேன். இந்தப் பட்டம் ஒரே ஆளிடம் நிற்பதில்லை. எந்த நாட்டு மக்கள் கையில் புதுசா காசு புழங்கி, கூட்டமா வெளியே கிளம்புறாங்களோ, அவங்க கிட்ட வந்து சேருது.

2013-ல் சீனப் பையன் ஒருவன் எகிப்தில் லக்சர் கோயில் சுவரில் தன் பெயரைக் கீறிய படம் உலகம் பூரா சுற்றியது. அதே வருஷம் சீன அரசின் சுற்றுலாத் துறை, வெளிநாடு போகும் தன் மக்களுக்கு நடத்தைக் கையேடு போட்டது. பொது இடத்தில் மூக்கைக் குடையாதே என்பது வரைக்கும் அதில் இருந்தது.

அடுத்து யார்? 2019 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் க்ஷ்டாட் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தொழிலதிபர் ஹர்ஷ் கோயங்கா ட்விட்டரில் போட்டார். அது இந்திய விருந்தினர்களுக்கு மட்டும் எழுதின அறிவிப்பு. காலை பஃபேயில் இருந்து சாப்பாட்டை எடுத்துப் போகாதீர்கள், வராந்தாவில் சத்தம் போடாதீர்கள் என்கிற மாதிரி. சிலருக்குக் கோபம் வந்தது. ‘நம்மாட்கள் அப்படித்தானே’ன்னு இன்னும் சிலர் தலையாட்டினாங்க.

எனக்குப் பட்டது வேற. காலைச் சாப்பாட்டில் ரெண்டு இட்லியைக் கட்டிக்கிட்டுக் கிளம்புறது நம்ம வீட்டில் திருட்டு இல்ல, முன்ஜாக்கிரதை. மதியம் பிள்ளைக்குப் பசிச்சா என்ன பண்றதுங்கிற கவலை. அதுக்காக பஃபே விதி தப்புன்னு சொல்ல வரல. விதி விதிதான். ஆனா அதை எல்லா விருந்தினருக்கும் எழுதாமல் ஒரு நாட்டுக்காரருக்கு மட்டும் எழுதினதுதான் பிரச்சினை. அந்த நிமிஷம் அது விதியா இல்ல, பட்டமா மாறிடுது.

தெப்பக்குளத்துப் படிக்கட்டு

இவ்வளவு நேரம் நம்ம பக்கமே பேசினேன். இப்போ இன்னொரு பக்கம்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் வெட்டினது, நடுவில் மைய மண்டபம், தைப்பூசத்துக்குத் தெப்பத் திருவிழா. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் காலேஜ் படிக்கும்போது குளம் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும், உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவாங்க. ஒரு சாயங்காலம் படியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியாக உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார். நாங்க ஆறு பேர். எந்த ஊர், என்ன பேர், அடுத்த கேள்வி கல்யாணம் ஆச்சா, அதுக்கடுத்து எத்தனை பிள்ளைங்க. அப்புறம் செல்ஃபி. ஒருத்தி எடுத்து முடிக்க அடுத்தவள். நாலாவதில் அவர் ‘போதும், ப்ளீஸ்’ என்றார். நாங்க நிறுத்தல. அவர் நோட்டை மூடி எழுந்து போயிட்டார்.

"என்னா திமிரு பாரு"ன்னு முதலில் சொன்னது நான்தான்.

எங்க பக்கம் அது பாசம். கல்யாண வீட்டில் யாருன்னே தெரியாத ஆளையும் இழுத்துப் படத்தில் நிறுத்துற ஊர் இது. அவர் பக்கம் அது, முகம் தெரியாத ஆறு பேர் சுற்றி நின்னு, வேண்டாம்னு சொன்ன பிறகும் விடாதது. ரயிலில் இருந்த அந்த ஜெர்மன் பெண்மணி எங்க அம்மாவுக்கு விதியையாவது காட்டினார். நான் இந்தப் பெண்ணுக்குப் பட்டம் மட்டும்தான் கொடுத்தேன்.

மதுரைக்கு வெளியூர் முகம் புதுசா என்ன? சிலப்பதிகாரத்திலேயே மதுரைக் கோட்டை வாசலில் யவனர் காவல் நிற்கிறாங்க. 1812-ல் இருந்து 1828 வரைக்கும் இங்கே கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர், மீனாட்சி அம்மனின் குதிரை வாகனத்துக்குத் தங்க அங்கவடி செய்து கொடுத்தார். ஊர் அவருக்கு வைத்த பேர் ‘பீட்டர் பாண்டியன்’. கும்பினி அதிகாரியைப் பாண்டியனாக்கின ஊர் இது. அவருக்குப் பதினாறு வருஷம் கிடைச்சது. டூரிஸ்டுக்குக் கிடைப்பது ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளில் அவருக்குப் பேர் கிடைக்காது, பட்டம்தான் கிடைக்கும். அதனாலதான் அதைக் கொடுக்கிறவங்க கொஞ்சம் நிதானிக்கணும்.

அப்போ என்ன பண்ணலாம்?

நான் எனக்குன்னு ரெண்டு பழக்கம் வச்சிருக்கேன்.

வெளியூர் போனா, முதல் பத்து நிமிஷம் சும்மா கவனிக்கிறது. ரயிலோ ஹோட்டலோ, அங்கே மத்தவங்க எவ்வளவு சத்தமாப் பேசுறாங்க, எங்கே செருப்பைக் கழட்டுறாங்க, வரிசையில் எவ்வளவு இடைவெளி விடுறாங்க. அந்த அளவுக்கு நம்மளும் வந்துட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நம்ம ஊருக்கு யாராவது வந்தா, ‘திமிரு’ன்னு சொல்றதுக்கு முன்னாடி, இவங்க ஊரில் இதுக்கு என்ன அர்த்தமா இருக்கும்னு ஒரு தடவை யோசிக்கிறது. பிடிக்கலைன்னா முகத்துக்கு நேரா, மரியாதையாச் சொல்லிடறது. அவங்க போன பிறகு அவங்க நாட்டைப் பத்திப் பேசுறதைவிட அது நல்லது.

1958-ல் வந்த ‘தி அக்லி அமெரிக்கன்’ நாவலின் பேர்தான், வெளிநாட்டில் மரியாதை தெரியாமல் நடக்கும் அமெரிக்கருக்கு இன்னைக்கும் பட்டப்பெயர். ஆனா கதையில் அந்த ‘அசிங்கமான அமெரிக்கன்’ முகம்தான் அழகில்லாத ஒரு எஞ்சினியர். கிராமத்து ஆட்களோடு உட்கார்ந்து, அவங்க பேச்சைக் கேட்டு, சைக்கிளை வச்சு ஓடுற தண்ணீர்ப் பம்ப் செய்து கொடுக்கிற நல்ல மனுஷன். பட்டம் மட்டும் பரவிச்சு, ஆளை எல்லாரும் மறந்துட்டாங்க.

மறுநாள் காலையில் அம்மாகிட்ட சொன்னேன், "நீ தப்பாப் பேசலம்மா, அது பேசக் கூடாத பெட்டி, அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்ப திரும்பிப் போறப்ப பேசுற பெட்டியாப் பாத்துப் போடச் சொல்லு உன் தம்பிய"ன்னாங்க. போட்டான். ஷ்டுட்கார்ட் வர்ற வரைக்கும் அம்மா நிறுத்தவே இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.