மூணாம் வகுப்பில் 'அரும்பா'?

"மூணாவது படிக்கிறவனை அரும்புல உட்கார வச்சிருக்காங்களே அக்கா, என் பிள்ளை மக்கா?" என்று எதிர்வீட்டுப் பெண் கண் கலங்கினாள். அன்று காலை பையனுக்கு முதுகில் இரண்டு அடி வேறு!

மக்கு இல்லை, அம்மா. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது எழுத்துக் கூட்டத் தெரியாமலே வகுப்பு ஏறிய குழந்தைகள் ஏராளம். அதற்காகத்தான் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை. பிறகு 4, 5-க்கும். குழந்தைக்கு இப்போது என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வகுப்பு அளவிலிருந்து சொல்லித் தருவதுதான் அரும்பு. தேறினால் மேலே போகலாம். அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

வீட்டில் பத்து நிமிஷம் போதும். பருப்புப் பாக்கெட், தீப்பெட்டி, பஸ் போர்டு எது கிடைத்தாலும் வாசிக்கச் சொல்லுங்கள். தப்பினால் சிரிக்காதீர்கள், முக்கியமாக அண்ணன் அக்கா முன்னால். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறானா, கூப்பிட்டால் திரும்புவதில்லையா? டியூஷனுக்குப் பணம் கட்டுமுன் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.