பவளத்தீவுப் பிரயாணங்கள் (9): கடமத்துக்குப் புறப்படுமுன்

எரிமலையொன்று மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ, அதன் விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் வெளிச்சத்தை நாடி மேலே எழுந்து வளையமாக நின்றுவிடுகிறது என்று சார்லஸ் டார்வின் 1842-இல் வெளியிட்ட கொள்கையையும், 1952-இல் பசிபிக் சமுத்திரத்து எனிவெடாக் தீவில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே துளையிட்டுச் சென்றபோது எரிமலைப் பாறை தட்டுப்பட்டு அக்கொள்கை ருசுவானதையும் சென்ற வாரம் பார்த்தோம். அத்தகைய தீவொன்றின் நீருக்குள் இறங்கி, ஸ்கூபா சாதனத்தின் உதவியால் சுவாசித்துக்கொண்டே பவளத் தோட்டத்தைக் காண விரும்புகிறவர் எவ்விதம் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே இந்த வாரத்து விஷயம். உதாரணத்துக்கு லட்சத்தீவுகளைச் சேர்ந்த கடமத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தீவின் நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அகலமோ மிக விரிந்த இடத்திலும் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்தான். மேற்கே, அலையைத் தடுத்து நிறுத்தும் பவளத் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் ஆழமற்ற நீர்ப்பரப்பு அமைதியாகக் கிடக்கிறது. முதன்முதலாக மூழ்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடசாலை இல்லை. திட்டுக்கு வெளியே கடல் சடுதியில் ஆழமாகிறது. பயிற்சி பெற்றவர்கள் நாடிச் செல்வது அந்த வெளிப்புறத்தைத்தான். தென்னையும் சூரை மீனும் தீவினரின் ஜீவனம். வலையை விரிக்காமல் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கப்படும் அந்தச் சூரையே அவித்து, புகையிட்டு, உலர்த்தப்பட்டு, நம் தென்கோடிக் கடற்கரைச் சமையற்கட்டுகளில் மாசி என்ற பெயரோடு மணக்கிறது.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை கடலைக் கலக்குவதால், அக்டோபர் முதல் மே மாதத்தின் நடுப்பகுதி வரையிலான நாட்களே உகந்தவை. தீவுக்காரரல்லாத எவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே கால்வைக்க முடியாது. 1967-ஆம் ஆண்டின் விதிகள் அவ்வாறு வகுத்திருக்கின்றன. ஆகவே பிரயாணச் சீட்டுக்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கடமத்தில் விமான நிலையம் கிடையாது. கொச்சியிலிருந்து அகத்தித் தீவு வரை சிறிய விமானத்தில் போய் அங்கிருந்து படகில் கடமத்தை அடையலாம்; அல்லது கொச்சியிலேயே கப்பலேறி ஓர் இரவைக் கடலில் கழிக்கலாம்.

இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியைப் பலர் செலவு பற்றிய கேள்வியாக மட்டுமே கருதுகிறார்கள். மூழ்கப் போகிறவருக்கு அது உடலைப் பற்றிய கேள்வி. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறபடியால், 20 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் கரையில் சுவாசிப்பதைப் போல் மும்மடங்கு செறிந்த காற்றைச் சுவாசிக்கிறார். அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. நிதானமாக மேலே வந்தால் அது மூச்சுவழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டு மேலெழுந்தாலோ, மூடி திறந்த சோடா புட்டியில் போலக் குமிழிகளாகப் பொங்கி, மூட்டுகளில் கடும் வேதனையையும், சில சமயம் பக்கவாதத்தையுமே உண்டாக்கிவிடும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, படிப்படியாக மேலேறும் முறையை வகுத்து 1908-இல் வெளியிட்டார். இன்று ஒவ்வொரு முறையும் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் தாமதித்து மேலே வருவது அந்த ஞானத்தின் வழிவந்த பழக்கமே.

கரையேறிய பிறகும் சிறிது நைட்ரஜன் உடலில் தங்கியிருக்கிறது. ஆகாய விமானத்துக்குள் காற்றழுத்தம் உயர்ந்த மலையொன்றின் மேல் இருப்பதைப் போலக் குறைந்திருப்பதால், அடங்கியிருந்த வாயு அங்கே மீண்டும் குமிழியிடக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது நிபுணர்களின் விதி. முழுதாக ஒரு நாளை விட்டுவிடுவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஆதலால் திட்டத்தை முதல் நாளிலிருந்து எழுதத் தொடங்காமல், திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வர வேண்டும். கப்பலில் திரும்புகிறவருக்கு இந்தத் தடை இல்லை. குமிழிகளால் பாதிக்கப்பட்டவருக்கான அழுத்தச் சிகிச்சை அறை அருகில் எங்கே இருக்கிறது, அவசரத்தில் அங்கே கொண்டுசேர்க்கும் வழி என்ன என்று பயிற்சி நிலையத்தாரைக் கேட்கவும் கூச்சப்படக் கூடாது.

தீவின் குடிநீரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இத்தகைய தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், தன்னிலும் கனமான உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்து நிற்கிறது. அதிகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலேறிக் கிணற்றைக் கெடுத்துவிடும். இந்தக் கஷ்டத்தைத் தணிக்க, ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டே கடல்நீரை நன்னீராக்கும் முறையைச் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தித் தீவில் நிறைவேற்றிக் காட்டியது. கடமத்திலும் நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் தரக்கூடிய ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. அரிய பிரயத்தனத்தால் கிடைக்கும் அந்த ஜலத்தை மும்முறை நீராடிச் செலவழிக்க விருந்தினருக்கு உரிமை உண்டென்று நான் நினைக்கவில்லை.

பவளமும் அவ்வளவு எளிதில் நலியக்கூடியதுதான். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியதால் லட்சத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. மிஞ்சியவையும் புதிதாகத் துளிர்த்தவையுமே இன்று நாம் காண்பவை. மிதப்பைச் சமநிலையில் நிறுத்தத் தெரியாதவரின் ஓர் உதை, பல வருஷ வளர்ச்சியை முறித்துவிடும். அதனால் மிதக்கும் கலையை ஊரிலுள்ள நீச்சல் குளத்திலேயே பயின்றுகொண்டு, தீவின் நாட்களைக் கடலுக்கென்று வைத்துக்கொள்வது நலம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டையும் எடுத்துவரக் கூடாது. வனஜீவராசிகள் சட்டம் அதைக் குற்றமாகக் கருதுகிறது.

ஐந்து நாள் விடுமுறை மட்டும் வாய்த்தவர் கடமத்தை இப்போதைக்கு ஒத்திவைப்பதே நல்லது; காற்றும் கப்பலும் தாமதித்தாலும் பதைபதைக்காத அளவுக்கு அவகாசம் சேரும்வரை காத்திருக்கலாம். சேர்ந்துவிட்டதென்றால், அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் வைத்தியரிடம் போய்க் காதையும் மார்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)