ஜப்பானிய மொழி: நடித்துப் பழகினால் பேச்சு வரும்

ஒரகடம் வேலையை எண்ணி நம் பிள்ளைகள் சிலர் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். ஜூலை, டிசம்பரில் நடக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் வாசிப்பும் கேட்டலும் உண்டு. பேச்சுத் தேர்வு கிடையாது. சான்றிதழோடு போகும் பிள்ளை நேர்காணலில் வாயடைத்து நிற்பது அதனால்தான். (மதரஸாவில் அரபி ஓதிய நாமும் மக்காவில் கடைக்காரரிடம் கைஜாடைதானே காட்டுகிறோம்!)

இருவர் எதிரெதிரே அமரட்டும். ஒருவர் மேற்பார்வையாளர், மற்றவர் தொழிலாளி. "கிகாய் கா தொமாரிமாஷ்தா" என்கிறார் தொழிலாளி. இயந்திரம் நின்றுவிட்டது என்று பொருள். "இட்சு தெஸ் கா?" எப்போது என்று மற்றவர் கேட்க வேண்டும். பதிலை எழுதிவைத்து ஒப்பித்தால் பயனில்லை. கேள்வி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பிழையை நடுவில் திருத்தாதீர்கள், முடிந்தபின் சொல்லுங்கள். மொழி தெரியாத அத்தாவும் மேற்பார்வையாளர் ஆகலாம்: அவர் தமிழில் கேட்கட்டும், பிள்ளை ஜப்பானிய மொழியில் பதில் சொல்லட்டும்.