நதிக்கும் ஒரு பங்கு: வாடிய வெள்ளச் சமவெளிக்கு நீரூட்டும் அவுஸ்திரேலியா

ஆற்றிலிருந்து வயலுக்கு நீர் இறைப்பதை நாம் அறிவோம். ஆற்றிலிருந்து காட்டுக்கு நீர் இறைப்பதை எம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கே, மில்டியூரா நகருக்குத் தெற்கில், ஹாட்டா ஏரிகள் என்னும் இடத்தில் அதுதான் நடைபெற்று வருகின்றது. மறே நதியின் கரையில் நிறுவப்பட்டுள்ள மின்சாரப் பம்பிகள் நாளொன்றுக்கு 100 கோடி லீற்றர் வரையிலான நீரை உயர்த்தி, ஓடை வழியாக ஏரிகளுக்கு அனுப்ப வல்லவை. அந்த நீர் எந்தப் பயிருக்கும் உரியதன்று. மரங்களுக்கும் மீன்களுக்கும் பறவைகளுக்கும் உரியது.

நதி ஒன்று தன் கரையோரத்துக்குத் தானே ஊட்டிய நீரை இன்று மனிதன் கணக்குப் பார்த்து அளந்து ஊட்ட வேண்டிய நிலை எவ்வாறு வந்தது?

வெள்ளம் தந்த வாழ்வு

மறே, டார்லிங் ஆகிய இரு நதிகளும் அவற்றின் கிளைகளும் பாயும் வடிநிலம் பத்து இலட்சம் சதுர கிலோ மீற்றருக்கும் அதிகமான பரப்பைக் கொண்டது. அவுஸ்திரேலியக் கண்டத்தின் ஏழில் ஒரு பங்கு அது. மறே நதி மட்டும் ஏறக்குறைய 2,500 கிலோ மீற்றர் தூரம் ஓடித் தென் அவுஸ்திரேலியாவில் கடலைச் சேருகின்றது.

முற்காலத்தில் மாரியும் வசந்தமும் இந்நதியின் வெள்ளக் காலங்களாக இருந்தன. மலைகளில் பெய்த மழையும் உருகிய பனியும் சேர்ந்து வர, நதி கரை மீறிச் சமவெளியிற் பரவும். ரெட் கம் எனப்படும் பெரும் யூக்கலிப்ரஸ் மரங்கள் மாதக்கணக்கில் நீரில் நிற்கும். அரிவாள் மூக்கன்களும் வெண்கொக்குகளும் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். கோடை வந்ததும் நீர் வடிந்து நதிக்குத் திரும்பும்; திரும்பும்போது காட்டின் சத்தையும் சுமந்து செல்லும். வெள்ளம் இங்கு அழிவாக அன்றி, ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளியாகவே இருந்தது.

தலைகீழான பருவங்கள்

1887ஆம் ஆண்டில், கனடாவிற் பிறந்த சஃபி சகோதரர்கள் மில்டியூராவிலும் ரென்மார்க்கிலும் பாசனக் குடியிருப்புக்களைத் தொடக்கினர். பின்னர் அணைகள் எழுந்தன. 1936இல் ஹியூம் அணையும் 1979இல் டார்ட்மத் அணையும் கட்டி முடிக்கப்பட்டன. நதியின் முகத்துவாரத்துக்கு அருகே கடல்நீர் உட்புகாமல் தடுக்கும் கதவணைகள் 1940இல் நிறைவெய்தின. திராட்சை, தோடை, நெல், பருத்தி என விளைச்சல் பெருகியது. அந்நிலங்களின் அரிசியும் திராட்சை வற்றலும் கடல் கடந்தும் விற்பனைக்குச் சென்றன.

ஆயினும், நதியின் பருவம் தலைகீழாயிற்று. மாரியிலும் வசந்தத்திலும் வரும் நீர் அணைக்குள் அடைக்கப்பட்டு, கோடையில் பாசனத்துக்காகத் திறந்துவிடப்பட்டது. நனைய வேண்டிய காலத்தில் காடு காய்ந்தது. காய வேண்டிய காலத்தில் அதன் தாழ்நிலங்கள் நனைந்தன. மிகப் பெரிய வெள்ளங்களை அணைகளால் அடக்க இயலவில்லை. ஆனால் சமவெளிக்கு வாழ்வளித்து வந்த நடுத்தர வெள்ளங்கள் அருகிப் போயின. இயற்கை நிலையில் நூற்றில் ஒரு பங்கு காலமே முகத்துவாரத்தில் நீரோட்டம் நின்றிருக்கும் என்றும், நீர் எடுக்கப்படுவதனால் அது நூற்றில் நாற்பது பங்காகிவிட்டது என்றும் அவுஸ்திரேலிய அரசின் விஞ்ஞான ஆய்வு நிறுவனம் 2008இல் கணித்தது.

எச்சரிக்கைகள் வராமலில்லை. 1981இல் மறே நதியின் முகத்துவாரம் மணலால் மூடுண்டது. 1991இல் டார்லிங் நதியில் ஏறத்தாழ 1,000 கிலோ மீற்றர் தூரத்துக்கு நச்சுப் பாசி படர்ந்தது. 1995இல் நீர் எடுப்புக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதன் பின்னரும், 1997 முதல் 2009 வரை நீடித்த பெருவறட்சியில், நூற்றாண்டுகள் கண்ட ரெட் கம் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயின. 2009இல் முகத்துவாரத்தையடுத்த ஏரிகளின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கியது. வெளிப்பட்ட ஏரிப்படுகையின் மண் காற்றுப்பட்டு அமிலமாக மாறலாயிற்று.

நதிக்கு ஒரு கணக்கு

இந்நெருக்கடியிலிருந்தே ஒரு புதிய எண்ணம் சட்ட வடிவம் பெற்றது. கமக்காரர் ஒருவருக்கு நீருரிமை இருப்பது போல நதிக்கும் நீருரிமை இருத்தல் வேண்டும் என்பதே அது. 2007ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்படி, சூழலுக்கான நீரைப் பொறுப்பேற்று நிருவகிக்கும் அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். விற்க விரும்பிய கமக்காரரிடமிருந்து அரசு நீருரிமைகளை விலைக்கு வாங்கியது. கால்வாய்களைச் சீர்திருத்தி மிச்சம் பிடித்த நீரும் இக்கணக்கிற் சேர்ந்தது. 2012ஆம் ஆண்டின் வடிநிலத் திட்டம், ஆண்டுக்குச் சராசரி 2,750 ஜிகாலீற்றர் நீர் சூழலுக்கு மீட்கப்பட வேண்டுமென இலக்கு வகுத்தது. ஒரு ஜிகாலீற்றர் என்பது 100 கோடி லீற்றர்.

இந்நீர் தனிச் சலுகை பெற்றதன்று. பாசன நீருரிமைக்குரிய விதிகளே இதற்கும் பொருந்தும். வறண்ட ஆண்டில் கமக்காரருக்குப் பங்கு குறைந்தால், நதியின் பங்கும் குறையும்.

நீரைத் திறந்துவிடுவதிலும் நுட்பம் உண்டு. எப்போது, எவ்வளவு, எத்தனை நாட்களுக்கு என்பதே கேள்வி. கொக்குகள் கூடு கட்டியிருக்கும் வேளையில் நீர் சட்டென வடியுமாயின், தாய்ப் பறவைகள் குஞ்சுகளைக் கைவிட்டுப் பறந்துவிடும். ஆகவே குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறக்கும் வரை நீர்மட்டம் காக்கப்படல் வேண்டும். பாமா-மில்லேவா காட்டில் 2005-06இல் 513 ஜிகாலீற்றர் சூழல் நீர் விடப்பட்டபோது, பறவைகள் பெருந்தொகையாக இனம் பெருக்கின. ஏறத்தாழ 66,000 ஹெக்ரேயர் பரப்புள்ள இக்காடே உலகின் மிகப் பெரிய ரெட் கம் காடாகும்.

ஹாட்டாவில் பம்பிகள் ஏற்றும் நீரை மதகுகள் தேக்கி வைக்கின்றன. சில மாதங்களின் பின் கதவுகள் திறக்கப்பட, நீரின் ஒரு பகுதி நதிக்குத் திரும்புகின்றது. ஏரிகளை நிரந்தரமாக நிரப்பி வைப்பது நோக்கமன்று. இடையிடையே காய்வதும் ஈரநிலத்தின் இயல்பே. என்றும் நீர் நின்றால் மரங்களின் வேர்கள் மூச்சுத் திணறும். ஐரோப்பாவிலிருந்து வந்து பெருகிவிட்ட கார்ப் மீன்களுக்கே அது வாய்ப்பாகும்.

இன்னொரு அபாயமும் உள்ளது. பல்லாண்டு வெள்ளம் காணாத காட்டில் இலைச்சருகு மலைபோற் குவிந்திருக்கும். திடீரென வெதுவெதுப்பான பெருவெள்ளம் பாயும்போது சருகு அழுகி நீர் கருமையடைந்து, அதிலுள்ள ஒட்சிசன் அற்றுப்போக, மீன்கள் மடியும். அடிக்கடி அளவோடு நனைக்கப்படும் காட்டில் இவ்வாபத்துக் குறைவு. ஒட்சிசன் குறைந்தமையால் 2023 மார்ச்சில் மெனிண்டீ நகரருகே டார்லிங் நதியில் இலட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை உலகம் கண்டது.

யாருடைய நீர்?

இத்திட்டத்தை அனைவரும் வாழ்த்தினர் என எண்ணிவிடலாகாது. 2010இல் முதல் வரைவு வெளியானபோது, கொதிப்படைந்த கமக்காரர்கள் அதன் பிரதிகளைத் தீயிட்டுக் கொளுத்தினர். அவர்களின் அச்சம் பொருளற்றதன்று. நீர் விலைப்பட்டுப் போனால் வயல் மட்டுமன்றி, அதனை நம்பிய கடையும் பாடசாலையும் ஊரை விட்டுப் போய்விடும். மறுபுறம், மீட்கப்பட்ட நீர் போதாதென்று விஞ்ஞானிகள் பலர் வாதிடுகின்றனர். கரையோரத் தனியார் நிலங்களும் பாலங்களும் நீரில் மூழ்கக்கூடாதென்பதால், நீர் கணக்கில் இருந்தும் சமவெளியின் உயர்ந்த பகுதிகளுக்கு அதனை அனுப்ப முடிவதில்லை. மேலதிகமாக 450 ஜிகாலீற்றரை மீட்பதற்கான காலக்கெடு 2023இன் சட்டத்தால் 2027 இறுதி வரை நீடிக்கப்பட்டது.

இவ்விரு தரப்பினருக்கும் முந்திய ஓர் உரிமையும் உண்டு. பாமாக் காடு யோர்ட்டா யோர்ட்டா மக்களின் தாயகம். 1939 பெப்ரவரியில், கமரகுஞ்சா குடியிருப்பின் அடக்குமுறையைத் தாங்காது அவர்களில் 150இற்கும் மேற்பட்டோர் வெளியேறி, மறே நதியைக் கடந்து மறுகரையில் தங்கினர். தம் சொந்த நாட்டிலேயே அவர்கள் அகதிகளாயினர். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1938 டிசெம்பரில், அம்மக்களின் தலைவர் வில்லியம் கூப்பர், ஜேர்மனியில் யூதர்கள் வதைக்கப்படுவதைக் கண்டிக்கும் மனுவுடன் மெல்பேர்ணிலுள்ள ஜேர்மன் துணைத் தூதரகத்துக்குத் தூதுக்குழுவை இட்டுச் சென்றார் என்பது எம் போன்றோர் மறக்கலாகாத செய்தி. தமக்கே உரிமையற்றிருந்த மக்கள், காணாத தேசத்து மக்களுக்காகக் குரல் கொடுத்தனர்.

அம்மக்கள் 1994இல் தொடுத்த நில, நீர் உரிமை வழக்கு 2002இல் உயர் நீதிமன்றத்தில் தோல்வியுற்றது. ஆயினும் 2010இல் பாமா தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, அதன் நிருவாகத்தில் அவர்களுக்குப் பங்களிக்கும் உடன்படிக்கை எழுதப்பட்டது. நீர் பரவ வேண்டிய பருவத்தையும் இடத்தையும் பற்றிய அவர்களின் அறிவு இன்று கேட்கப்படுகின்றது. எனினும், வடிநிலத்தின் நீருரிமையில் பூர்வீக மக்களின் கையில் இருப்பது மிகச் சொற்பமே.

ஒருவரின் பங்கை மற்றவர் எடுத்துக்கொண்டபின், அதனைத் திருப்பிக் கொடுப்பது எத்துணை கடினம் என்பதை மறே நதி காட்டுகின்றது. பணமும் பம்பியும் சட்டமும் பல்லாண்டுப் பிணக்கும் வேண்டியிருக்கின்றன. அவ்வாறிருந்தும், திருப்பிக் கொடுக்கப்பட்ட இடங்களில் பட்டுப்போகும் நிலையிலிருந்த மரங்கள் தளிர்த்துள்ளன. கைவிடப்பட்ட கூடுகளுக்குப் பறவைகள் மீண்டுள்ளன. முழுப் பங்கும் கிடைக்கவில்லை. ஆயினும் நதிக்கு ஒரு பங்கு உண்டென்பது ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அடுத்த பெருவறட்சி வரும்போது அப்பங்கு காப்பாற்றப்படுமா என்பதே இனி எழும் கேள்வி.