அறிமுகத் திரை

போத்தனூர்த் தொடர்வண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தால், இளநீர் வண்டியிலும் பூக்கடையிலும் க்யூஆர் அட்டைகள் தொங்குவதைக் காணலாம். பத்து ரூபாய்ப் பூவிற்கும் திறன்பேசியை நீட்டுகிறோம். இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016ஆம் ஆண்டு தொடங்கிய யுபிஐ முறையே இதற்கு அடிப்படை. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் பீம் செயலி வெளிவந்தது.

செயலியை முதன்முதலாகத் திறக்கும்போதோ, அதிலுள்ள புதிய வசதியைத் தொடும்போதோ தோன்றி வழிகாட்டும் பக்கமே அறிமுகத் திரை. அது தெளிவாக இல்லையெனில் இழப்பு பணமாகவே நேரும்.

பதிவு செய்யும்பொழுது, குறுஞ்செய்தி அனுப்பச் செயலி இசைவு கேட்கிறது. காரணம் அறியாதவர் அஞ்சுவார். அல்லது படியாமலே இசைவார். 'வங்கியில் நீங்கள் பதிந்த எண் இப்பேசியில்தான் உள்ளதா என உறுதிசெய்யவே இச்செய்தி' என்று ஒரு வரி எழுதினால் போதும், ஐயம் தீரும்.

பின் எண்ணின் பயனை விளக்குவது இதனினும் கடினம். பழைய மிதிவண்டியை விற்க ஒருவர் விளம்பரம் தருகிறார் எனக் கொள்வோம். வாங்குவதாகச் சொல்லும் ஏமாற்றுக்காரர், பணம் அனுப்புவதாகக் கூறிப் பணம் கேட்கும் வேண்டுகோளை அனுப்புகிறார். திரையில் 'ஏற்கிறேன்' என ஒரு பொத்தான். தமிழில் ஏற்றல் என்பதற்குப் பெறுதல் என்னும் பொருளும் உண்டன்றோ? விற்பவர் பணம் வருவதாக எண்ணி அதனைத் தொட்டு, பின் எண்ணை இடுகிறார். பணம் அவர் கணக்கிலிருந்து போய்விடுகிறது. அப்பொத்தானில் '2,000 ரூபாய் செலுத்து' என்று இருந்திருந்தால் அவர் கை தயங்கியிருக்கும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இவ்வாறு வேண்டுகோள் அனுப்பும் வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஆயினும், 'பணம் பெற இதனை ஸ்கேன் செய்யுங்கள்' என்று ஏமாற்றும் வழி இன்னும் உள்ளது. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே ஐந்து பக்கங்களில் விரித்துரைத்துப் பயனில்லை. மாணவர்கள் 'தவிர்' என்னும் பொத்தானைத் தேடித் தொடுவதைக் கண்டிருக்கிறேன். நானும் அதற்கு விலக்கல்லேன். பின் எண் கேட்கும் அதே திரையில், எண்கட்டங்களுக்கு மேலே, யாருக்கு, எவ்வளவு பணம் செல்கிறது என்று பெரிய எழுத்தில் காட்டுவதே தக்கது.

2022இல் வந்த யுபிஐ லைட் வசதிக்கோ மறுதலையான விளக்கம் வேண்டும். சிறு தொகைகளுக்கு அது பின் எண் கேட்பதில்லை. கணக்கிலிருந்து முன்னரே எடுத்து வைத்த தொகை அதிலிருந்து குறைகிறது என்பதைத் திரை முதலில் சொல்லவேண்டும்.

நீங்கள் ஒரு திரையை வடிவமைத்தால், தாளில் வரைந்து வீட்டிலுள்ள அம்மிச்சியிடம் காட்டுங்கள். "இதத் தொட்டா என்னங்க அம்மிச்சி ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள், வேறு விளக்கம் தரவேண்டா. பணம் போகும் இடத்தில் "பணம் வருமாட்ட இருக்குது" என அவர் கூறினால், பொத்தானின் சொல்லை மாற்றி மீண்டும் எழுதுங்கள்.